பதினோரு முறை வந்த நீலச் சட்டை

என் கையெழுத்து அழகாக இருக்கும் மேடம். அந்த நோட்டை நீங்கள் எங்கேயும் தடுக்காமல் படித்துக்கொண்டு போனதைக் கவனித்தேன். இந்தக் காலத்தில் யார் அப்படி எழுதுகிறார்கள்? அதனால்தான் கேட்டுக்கு யார் வந்தாலும் குறித்துவைக்கிற வாசல் நோட்டு என் பொறுப்புக்கு வந்தது. வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன், உங்களுக்கும் சிரமம் வேண்டாம்.

இந்தக் காப்பகத்தில் நான் பத்தொன்பது வருஷமாக வார்டன். புருஷனிடம் அடி வாங்கி, கட்டிய துணியோடு ஓடி வருகிற பெண்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது என் வேலை. மூன்று மாதத்தில் தேறிவிடுவார்கள். வேலை கிடைக்கும், அறை கிடைக்கும், என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். வாசலில் நின்று கையாட்டுவேன். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம், சந்தோஷம்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் கையாட்டிப் பாருங்கள், தெரியும்.

சேருகிற அன்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில், ‘கணவர் வழக்கமாகச் சொல்வது என்ன?’ என்று ஒரு கேள்வி. ஆரம்பத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. எல்லாப் புருஷன்மாரும் ஒரே டியூஷனுக்குப் போனவர்கள் மாதிரி மூன்றே மூன்று வசனம்தான் பேசுகிறார்கள். ‘உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.’ ‘நீதான் என்னை இப்படிச் செய்ய வச்சே.’ ‘என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?’ மூன்றையும் படிவத்திலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். டிக் போட்டால் போதும்.

டெய்லர் என்று நாங்கள் கூப்பிடுகிற பெண், வந்த அன்று மூன்றுக்கும் டிக் போட்டாள். பிறகு படிவத்தைத் திருப்பிப் பார்த்து, “நாலாவது ஒண்ணு விட்டுப்போச்சே அக்கா. ‘உப்பு எங்கடீ?’ அதுக்குக் கட்டம் இல்லையா?” என்றாள். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது, வாய் சரியாகத் திறக்கவில்லை. அந்த வாயால் சொன்னாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவளுக்குத் தையல் தெரியும். மாடியில் இருந்த பழைய மெஷினைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு ஓடவிட்டாள். முதலில் என் சட்டையைத்தான் கேட்டு வாங்கினாள். “உங்க இடது தோள் அரை இன்ச் இறக்கம் அக்கா. அதான் எதைப் போட்டாலும் சரிஞ்சுக்கிட்டே வருது” என்றாள். ஐம்பத்தெட்டு வருஷமாக இந்தத் தோளோடு இருக்கிறேன். பெற்றவளும் பார்க்கவில்லை, கட்டியவரும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு கோப்பை டீயோடு என் அறைக்கு வருவாள். எங்கள் செயலாளர் அம்மா கூட்டத்தில் மைக்கைத் தட்டிப் பேசுவதை அப்படியே செய்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். ரொம்ப நாள் கழித்து, சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அவள் புருஷன் லாரி டிரைவர். அவள் வந்த இரண்டாவது வாரம் இடத்தைக் கண்டுபிடித்து வந்தான். கேட்டை உதைத்தான், ஒரு பூந்தொட்டியை உடைத்தான், கத்திவிட்டுப் போனான். நீலச் சட்டை. நோட்டில் எழுதினேன். அது நிஜமாக நடந்தது. அந்தப் பக்கத்தை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. தேடிக்கொண்டு யாராவது வந்தால், அந்த நாளிலிருந்து முப்பது நாள் அமைதியாகக் கழிய வேண்டும். அதுவரை அந்தப் பெண் கேட்டைத் தாண்டக் கூடாது. நடுவில் மறுபடி வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நல்ல விதி. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இருபத்தெட்டாவது நாள் டெய்லர் பையைக் கட்டிவிட்டாள். சீருடை தைக்கிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. தங்கை வீட்டு மாடியில் அறை. “ரெண்டு ஜன்னல் அக்கா, ரெண்டும் தெருவைப் பார்த்து” என்று அதையே நாலு தடவை சொன்னாள். அன்று சாயங்காலம் நோட்டில் ஒரு வரி எழுதினேன். ‘மணி நாலரை. நீலச் சட்டை. எதிரே நின்றார். பேசவில்லை.’ ஒரே ஒரு வரி. அவள் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

வாட்ச்மேன் என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் உதறல்தான். செயலாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு, “யாரோ வந்து நின்னாங்களாமே?” என்று கேட்டார். நாம் தூங்கிவிட்டோம் போல என்று வாட்ச்மேன் பயந்து, “ஆமாம்மா, நீலச் சட்டைதான், நான்தான் முறைச்சு அனுப்பினேன்” என்று மார்தட்டினார். அப்புறம் எனக்குக் கவலையே இல்லை. மழைக்காலத்தில் நான் குடையை எழுத மறந்தபோது, அவரே குடையைச் சேர்த்துச் சொன்னார்.

இரண்டாவது முறை எழுதி மூன்று வாரம் இருக்கும், டெய்லர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன், அவர்கள் பாதுகாப்புக்காக. அவள் புருஷனின் அண்ணன் எழுதியிருந்தார். லாரி கவிழ்ந்து ஆள் போய்விட்டான், காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக்கும் இவள் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படிப்பட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் இல்லையா? நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று, திரைச்சீலைக் கொக்கிகள் இருக்கிற இழுப்பறையில் வைத்தேன். நேரம் அமையவில்லை.

அவன் வழக்கம்போல வந்துகொண்டிருந்தான்.

ஆறாவது வருகைதான் கொஞ்சம் சங்கடம். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று தெரு தள்ளி ஆஸ்பத்திரி. “என்ன ஆனாலும் ஆகட்டும் அக்கா, நான் போய் ஒரு தடவை தூக்கிட்டு வந்துடுறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். எதிரே நின்றான், முறைத்தான் என்பதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. வேறு வழி இல்லாமல் அவன் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். பாட்டிலில் என்ன என்று நான் எழுதவில்லை. தெரியாததை எழுதக் கூடாது.

அவள் செருப்பைக் கழற்றினாள். அன்றிலிருந்து மெஷினை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னலைத் தாழ் போட்டு, இடுக்கில் துணி அடைத்தாள். பகலிலும் விளக்கு போட்டுத் தைத்தாள். குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினாள். அடுத்த மாதம் தங்கையிடம் போனில் அளவு கேட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று. அதற்கடுத்த மாதம் இன்னும் பெரிதாக. குழந்தையைப் பார்க்காமலே அது வளர்வது அவளுக்கு இன்ச் டேப்பில் தெரிந்தது. செயலாளர் அம்மா போலீசுக்குச் சொல்லலாம் என்றார். அவள் இன்னும் பயந்துபோவாள், விடுங்கள் என்றேன். டீ மட்டும் ஐந்து மணிக்குத் தவறாமல் வந்தது. மிமிக்ரி நின்றுவிட்டது. எனக்கு வருத்தம்தான்.

பாட்டில் விஷயத்தில் எனக்கு மனசு உறுத்தியது, மறைக்க மாட்டேன். செத்துப்போன மனிதன் மேல் அபாண்டம் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. அதனால் ஏழாவது முறையிலிருந்து அவனைக் கொஞ்சம் திருத்தினேன். சட்டையை இஸ்திரி போட வைத்தேன். எட்டாவது முறை வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னான். பத்தாவது முறை, ‘நல்லா இருக்காளா என்று மட்டும் கேட்டார், கண் கலங்கியிருந்தது’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. பதினோராவது முறை பூந்தொட்டிக்கு மன்னிப்புக் கேட்டான்.

அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். செயலாளர் அம்மா நோட்டைப் படித்துவிட்டு, “இந்த ஆள் திருந்திக்கிட்டு வரான் போல இருக்கே. கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டா என்ன?” என்று கமிட்டியில் பேசி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டார். ஒரு வாரத்தில் அது செயலாளர் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தது. தபால்காரர் உறை மேல் எழுதியிருந்தார்: ‘பெறுபவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.’ அவருக்கும் நல்ல கையெழுத்து.

அந்த எட்டு மாதத்தில் இறந்தவர் ஒன்பது முறை வந்துபோயிருந்தார். வாட்ச்மேன் அப்போதும் விடவில்லை. “வந்தது அவன்தாம்மா, நான் பார்த்தேன்” என்று சாதித்தார். நான்தான் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பதினொன்றில் முதல் முறை தவிர மற்ற பத்தும் நானே கற்பனையாக எழுதியவை என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

டெய்லரைக் கூப்பிட்டார்கள். நின்றபடியே நோட்டைப் படித்தாள், விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. நேரமானது. அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அந்தப் பாட்டிலுமா?”

“அதுவும் நான்தான்மா” என்றேன்.

மாடிக்குப் போனாள். இடுக்கில் அடைத்த துணியைப் பிடுங்கினாள். தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. மெஷின் எண்ணெயை விட்டு, கத்தரிக்கோல் பிடியால் தட்டித் தட்டித் திறந்தாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். நடுப்பகல். நான் வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் ஓரமாகக்கூடப் போகவில்லை, நட்டநடுவில் நடந்து போனாள். பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது, அதற்கும் ஒதுங்கவில்லை. உள்ளே வந்து பார்த்தேன், அரை இன்ச் சரிசெய்து தந்த என் சட்டைகளின் தோள் தையலை எல்லாம் பிரித்து, மடித்து, மேஜை மேல் வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

நான் ஒரு நாளும் அவள் மேல் கை ஓங்கியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். வெளியே உலகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்? அவளும் போகிறேன் போகிறேன் என்று பையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இருந்திருந்தால், நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். அவள்தான் என்னை எழுத வைத்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், தேதியும் போட்டிருக்கிறேன். மணி ஐந்தாகப் போகிறது. அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் மேடம். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?