அரை அங்குலம்தானே?

அண்ணி: காலை ஆட்டாதீங்க தம்பி. பெஞ்சே ஆடுது.

கொழுந்தன்: இது நகராட்சி பெஞ்சு, அண்ணி. நான் ஆட்டலன்னாலும் ஆடும்.

அண்ணி: ஆமா, உங்க மாநில அரசு ஆபீஸ்ல எல்லாம் தங்க நாற்காலி... உள்ள என்ன பேசறாங்கன்னு கேக்குதா?

கொழுந்தன்: உங்க சேர்மன் குரல் மட்டும்தான் கேக்குது. எங்க அதிகாரிக்கும் மத்திய அரசு அதிகாரிக்கும் வாயே இல்ல போல.

அண்ணி: ஊரு குடிக்கிற தண்ணி. கத்தத்தான் செய்வார்.

கொழுந்தன்: வயலுக்கும் தண்ணி வேணும்ல? கதிர் பால் பிடிக்கிற நேரம். பத்து நாள் தண்ணி விட்டாத் தேறிடும்.

அண்ணி: நான் வேண்டாம்னா சொன்னேன்? ஏரியில பதிமூணு அடிக்கு மேல இருந்தா வயலுக்குத் திற, கீழ போனா மூடி ஊருக்கு வை. மத்திய அரசு நடுவுல உக்காந்து அப்படித்தானே ஒப்பந்தம் போட்டுக் குடுத்தது?

கொழுந்தன்: அதுக்கு முன்னாடி நாங்க திறப்போம், நீங்க மூடுவீங்க. கோர்ட்டுல ஆறு வருஷம்!

அண்ணி: அதனாலதான் நம்மைப் போட்டாங்க. மாநிலத்துக்கு நீங்க, நகராட்சிக்கு நான். தினமும் தனித்தனியாப் போய் ஏரியில நட்டிருக்கிற அளவுகோலைப் பாக்கணும். ரெண்டு அளவும் ஒத்து வந்தாத்தான் செல்லும்.

கொழுந்தன்: ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்களா வந்து வாய்ப்போம்னு கனவா கண்டாங்க, பாவம்.

எழுத்தர்: அம்மா... சார்... நீங்கதானே அளவு எடுக்கறவங்க?

கொழுந்தன்: ஆமா. ஏதாவது... தப்பா?

எழுத்தர்: தப்பா! மத்திய அரசு அதிகாரி அசந்துபோய் உக்காந்திருக்கார். ரெண்டு பதிவேடும் பதினேழு நாளா மயிரிழைகூடப் பிசகலையாம். மத்த ஊர்களுக்கும் இதையே மாதிரியா அனுப்பறேங்கறார். இன்னிக்குப் பதிமூணு அடி ரெண்டு அங்குலம்னு எழுதியிருக்கீங்க... கையெழுத்துப் போட்டதும் மூணு மணிக்கு மதகு திறக்கும். இருங்க, கூப்பிடறேன்.

அண்ணி: ...கதவைச் சாத்திட்டுப் போயிட்டார்.

கொழுந்தன்: ரெண்டே ரெண்டு அங்குலம்.

அண்ணி: வெயில் வேற இந்தப் போடு போடுது... தம்பி, கோலுக்குப் பக்கத்துல மரம் விழுந்து கிடந்துச்சே, எடுத்தாங்களா?

கொழுந்தன்: அதுவா... எடுத்துட்டாங்க. அதாவது... பாதி எடுத்திருக்காங்க.

அண்ணி: எந்தப் பாதி?

கொழுந்தன்: ...வேர்ப் பாதி.

அண்ணி: மரமே விழல.

கொழுந்தன்: அண்ணி!

அண்ணி: நானாத்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். ஏரிப் பக்கம் போயி எத்தனை நாளாச்சு?

கொழுந்தன்: மெதுவாப் பேசுங்க... ஜீப் பட்டறையில கிடக்கு. போக வர ஒன்பது மைல், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு... அதான் தினமும் காலையில உங்களுக்குப் போன் போடுவேன்ல? "அரை அங்குலம்தானே இறங்கியிருக்கு?"ம்பேன். நீங்க "ஆமா"ம்பீங்க. அதை எழுதிடுவேன்.

அண்ணி: அடப்பாவமே... அதையா?

கொழுந்தன்: அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க போய்ப் பாத்தீங்கல்ல, அது போதும். ஒரு ஜோடிக் கண்ணு பாத்தாச் சரிதானே... ஏன் எந்திரிக்கறீங்க?

அண்ணி: உக்கார முடியல.

கொழுந்தன்: நீங்க பாத்த அளவு சரியா இருந்தா வயலும் பிழைக்கும், ஊருக்கும் மிச்சம் இருக்கும். இதுல என்ன பயம்?

அண்ணி: சரியில்லன்னா?

கொழுந்தன்: ஒரு மாசத்துல குழாயில காத்துதான் வரும். அதெல்லாம் இப்ப எதுக்கு... அண்ணி, என் மூஞ்சியைப் பாருங்க.

அண்ணி: உங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி எத்தனை நாளாச்சு?

கொழுந்தன்: அது... ரெண்டு வாரத்துக்கு மேல... எதுக்குக் கேக்கறீங்க?

அண்ணி: விடிஞ்சதுலேர்ந்து மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. யார் விட்டா?

கொழுந்தன்: நீங்கதான்... ஏரிக்குப் போயிட்டு வந்துதானே... போயிட்டு வந்துதானே அண்ணி?

எழுத்தர்: வாங்க, வாங்க! மூணு பேரும் பேனாவைத் திறந்து கையில வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க.

கொழுந்தன்: அண்ணி, வேண்டாம்... வேலை போயிடும். ரெண்டு பேருக்கும்.

அண்ணி: பேனாவை மூடச் சொல்லுங்க சார். இவர் ஏரியைப் பாத்துட்டுத்தான் போன்ல கேக்கறார்னு நெனச்சு நான் எழுதினேன். நான் பாத்துட்டுத்தான் "ஆமா"ங்கறேன்னு நெனச்சு இவர் எழுதினார். பதினேழு நாளா அந்தக் கோலை எங்கள்ல ஒருத்தரும் பாக்கல.