குதிகால் பர்பி

டெல்லி ஜனக்புரி ரேஷன் கடையில், ஜனவரிக் குளிரில், எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள்.

"எங்க வீட்டுக்காரர், கால்ல தேய்க்க வெச்சிருந்ததை வீட்டுக்கு வந்த ஆபீசருக்குக் குடுத்துட்டார்க்கா," என்றாள் இளையவள்.

"எதை?"

"குதிகால் வெடிப்புக்குச் சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் கலந்து வெச்சிருந்தேன். குளிர்ல வெள்ளையா உறைஞ்சுடுச்சு. நான் வீட்ல இல்ல. இவர் தேங்கா பர்பின்னு நெனச்சு, துண்டு போட்டு நீட்டியிருக்கார்."

"துப்பிட்டாரா?"

"நாலு துண்டு தின்னுட்டு, பஹுத் அச்சா, ரொம்ப நல்லாருக்குன்னாராம். கால் தேய்ச்ச கையை விட்டு எடுத்த டப்பாக்கா அது."

"இப்ப வாங்கற சர்க்கரையும் காலுக்கா?"

"கால் கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை அதே பர்பிக்குக் குடும்பத்தோட வரார். ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட் அவர் கையிலதான் இருக்கு."

மூத்தவள் தன் ரேஷன் கார்டை நீட்டினாள்.

"என் சர்க்கரையையும் வாங்கிக்கோ. அந்த லிஸ்ட்ல எங்க வீட்டுக்காரரும் இருக்கார்."