விஜய்ஆனந்துக்கு நான் பார்த்துக் கொடுத்த பெடல்

ஓவர்டிரைவ் வாங்கலாமா, டிஸ்டார்ஷன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் அவர்கள் விரல்களைத்தான் பார்ப்பேன் சார். இரண்டுமே எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன் காலடியில் வைத்து மிதிக்கிற சின்னப் பெட்டிதான். பெடல் என்போம். இரண்டும் கிட்டாரின் சுத்தமான சத்தத்தைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுக்கும். ஆனால் ஓவர்டிரைவ் கெடுப்பதில் ஒரு மரியாதை உண்டு. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், அழுத்தினால் தொண்டை கட்டிய பாடகன் மாதிரி கரகரக்கும். கை என்ன செய்கிறதோ அது அப்படியே வெளியே தெரியும். டிஸ்டார்ஷனுக்கு அந்த நியாயம் கிடையாது. தொட்டால் போதும், மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே உறுமல். நல்ல கையும் சுமாரான கையும் அதில் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். போன தடவை இந்த ஸ்டேஷனுக்கு வந்து நான் சொன்னதை வைத்துத்தான் எலக்ட்ரீஷியன் கருப்பைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். மேடையில் அவன் அஜாக்கிரதையாக இருந்ததால் விஜய்ஆனந்த் கரண்ட் அடித்துச் செத்தான் என்று கேஸ். நேற்று கருப்பின் மனைவி தங்கப்பொண்ணு வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தது.

"அண்ணே, நீங்கதேன் பக்கத்துல நின்னீங்க. அந்த மனுசன் அசால்ட்டா விட்டுட்டுப் போற ஆளான்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றது.

காபி கொடுத்து, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அது போனது. அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், ஜனகராஜ் அண்ணன் நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார் நான்தான். மதுரையைச் சுற்றித் திருவிழா, ரிசப்ஷன், காதுகுத்து எங்கே என்றாலும், பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாகப் பேசுகிற இடம் வந்தால் கூட்டம் என் பக்கம் திரும்பும். "அசோக்கு அண்ணே, போடுண்ணே" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் நான் இருந்தேன். கல்யாணம்கூட அதற்கு அப்புறம்தான் தோன்றியது, பிறகு தோன்றாமலே போய்விட்டது.

இரண்டு வருஷமாக என் இடது கை விரல்கள் திடீர் திடீரென்று மரத்துப் போகின்றன. நரம்பில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் விஜய்ஆனந்த் பின்னணிக் கிட்டாருக்கு வந்து சேர்ந்தான். ஜனகராஜ் அண்ணனைப் போலவே சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. வேனில் வரும்போது பெண்டாட்டி காவ்யஸ்ரீயிடம் அவர்கள் பாஷையில் போனில் குசுகுசுத்துக்கொண்டே வருவான், நாங்கள் கிண்டல் செய்தால் காது சிவந்துவிடும்.

வாடிப்பட்டியில் ஒரு ரிசப்ஷன். என் தனி வாசிப்பு வந்தது, நடுவில் விரல் நின்றுபோனது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் விஜய்ஆனந்த் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிச்சத்தை வாசித்துக்கொண்டிருந்தான். நான் சும்மா கையை மேலும் கீழும் அசைத்தேன். விசில் எனக்குத்தான் அடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு வந்து எனக்குத் துண்டு போர்த்தினார்.

கேபிளைச் சுருட்டும்போது விஜய்ஆனந்த் பக்கத்தில் வந்து, "அந்த இடம் கஷ்டமான இடந்தேண்ணே. யாருக்கும் தெரியாது, விடுங்க" என்றான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதே கதைதான். என் கை நிற்கும்போதெல்லாம் அவன் கை ஓடும். அவன் யாரிடமாவது சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அவன் சொல்லவே இல்லை. என் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை வாங்கி வைப்பான். தனக்கு உதவி செய்கிறவனை வெறுப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும் சார். தெரிந்தேதான் வெறுத்தேன். இதை வாய்விட்டுச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் அவனே வந்து, "அண்ணே, ஒரு பெடல் வாங்கணும். நீங்க எதச் சொல்றீங்களோ அதுதேன்" என்றான்.

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். முதலில் ஒரு பச்சை ஓவர்டிரைவை மிதித்து வாசித்தான். கடையில் வீணைக்குக் கம்பி வாங்க வந்த ஒரு அம்மா விலை பேசுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அவன் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பெட்டி இவன் காலடியில் இருந்தால், பின்னால் நின்று வாசிப்பவன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று பட்டது.

"மாப்ள, இது வீட்டுல உக்காந்து வாசிக்க நல்லாருக்கும். திருவிழா மேடைல காணாமப் போயிரும். அந்தச் சிவப்ப எடு" என்றேன்.

சிவப்பு என்று நான் காட்டியது கடையிலேயே முரட்டு டிஸ்டார்ஷன். அவன் அதை மிதித்துக் கொஞ்ச நேரம் வாசித்தான். முகம் சுருங்கியது.

"என்னண்ணே, இதுல என் கையே தெரியலயே?"

"உன் கையப் பாக்கவா வாராய்ங்க? சத்தத்தக் கேக்கத்தேன் வாராய்ங்க. நான் இம்புட்டு வருசமாப் பாக்குறேன்ல."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அன்றைக்கு என் மனதில் இருந்தது அவ்வளவுதான். அவன் கை தெரியக் கூடாது. சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவனிடம் நல்ல ஆம்ப் இல்லை. ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற பெட்டி. நான் புதிது வாங்கியிருந்ததால் என் பழையதைக் கொடுத்தேன். அண்ணன் கொடுத்தது என்று காவ்யஸ்ரீ அதற்கு உறை தைத்துப் போட்டதாம். அந்த ஆம்பில் கரண்ட் கசியும். ஒருமுறை என்னைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதனால்தான் எர்த் பின், அதாவது கசிகிற கரண்ட்டைத் தரைக்குக் கொண்டுபோகிற மூன்றாவது கால், உள்ள பிளக் இல்லாமல் அதை நான் சொருகவே மாட்டேன். கொடுக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆம்ப் இரைந்தால், பிளக்கில் இருக்கிற எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவார்கள். இரைச்சல் அடங்கிவிடும். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் செய்வார்கள். எர்த் இல்லாவிட்டால் கசிகிற கரண்ட் கிட்டார்க் கம்பிவரைக்கும் வந்து நிற்கும். கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் சுள்ளென்று கடிக்கும். அதற்காக மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பாடுவோம். இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டிய ஒரே ஆள் கருப்பு. "எர்த்த எவன்டா புடுங்குனது?" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் பிளக் பிளக்காகப் பார்ப்பான். மாற்றிப் போடப் புது பிளக்கைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். அந்த ஆளைத்தான் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறீர்கள்.

டிஸ்டார்ஷன் பெடல் கிட்டாரை மட்டும் பெரிதாக்காது, இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். அந்தச் சிவப்பு வந்ததிலிருந்து விஜய்ஆனந்துக்கு அதே தொல்லை. என்னிடம்தான் வந்து கேட்டான். பெடலை மாற்று என்பதுதான் சரியான பதில்.

"எர்த் பின்னப் புடுங்கிரு மாப்ள. எல்லாரும் செய்யுறதுதேன்" என்றேன்.

ஒரு தடவை கடிபட்டால் பயந்து ஒதுங்கிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் பாடுகிற ஆள் இல்லை, மைக்குப் பக்கமே போக மாட்டான். அதனால் ஜனகராஜ் அண்ணனிடம், தம்பிக்குக் குரல் நன்றாக இருக்கிறது, கோரஸுக்கு ஒரு மைக் கொடுங்கள் என்று நானே சிபாரிசு செய்தேன். விஜய்ஆனந்த் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஒத்திகையில் என் மைக்கில் ஏன் கைக்குட்டை என்று கேட்டான். எச்சில் படாமல் இருக்க என்றேன். சுத்தக்கார அண்ணன் என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தத் திருவிழா வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு ஊரில் என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியானம் பெய்த மழையில் மேடை விரிப்பு ஊறிப்போயிருந்தது. விஜய்ஆனந்த் முதன்முதலாகப் பாடப்போகிறான் என்று காவ்யஸ்ரீயும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கருப்பு வழக்கம்போல ஒவ்வொரு பிளக்காகப் பார்த்துக்கொண்டே வந்தான். விஜய்ஆனந்தின் ஆம்புக்குக் குனியப் போனான்.

"கருப்பு, ஜெனரேட்டர் பக்கம் புகை வாடை வருது. ஓடிப் போய்ப் பாரு. இங்கிட்டு எல்லாம் நான் பாத்துட்டேன், சரியா இருக்கு. மெயின் ஸ்விட்சையும் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

புகை வாடை எதுவும் வரவில்லை. அசோக்குமார் அண்ணன்தான் அனுப்பினார் என்று கருப்பு உங்களிடம் சொல்லியிருப்பான். நீங்கள் கேட்டபோது எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

மேடைக்கு வருகிற கரண்ட்டை மொத்தமாக நிறுத்துகிற ஸ்விட்ச் என் இடது கைக்கு எட்டுகிற மாதிரி, ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் கருப்பை அனுப்பினேன்.

முதல் பாட்டிலேயே கோரஸ் வந்தது. விஜய்ஆனந்த் சிவப்புப் பெடலை மிதித்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தான். உடம்பு விறைத்தது. கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பச்சைப் பெட்டியாக இருந்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும், டிரம்ஸ்காரன் நிமிர்ந்து பார்த்திருப்பான். அந்தச் சிவப்பு உறுமிக்கொண்டே இருந்தது. கூட்டம் அதை ஸ்டைல் என்று நினைத்து விசில் அடித்தது. காவ்யஸ்ரீ போனை உயர்த்திப் பிடித்து, சிரித்த முகத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான்.

கை மரத்துப்போய்விட்டது, ஸ்விட்சை உடனே அமுக்க முடியவில்லை என்று உங்களிடம் சொன்னேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன், நம்பினீர்கள். ஜனகராஜ் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். காரியத்தன்று காவ்யஸ்ரீகூட, "உங்க கைக்கு முடியலேன்னா நீங்க என்னண்ணே செய்வீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னது. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதற்கு எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

அன்றைக்கு என் கை மரக்கவில்லை. கோரஸ் முடிந்ததும் கிட்டார் தனியாகப் பேசுகிற இடம் வந்தது. எனக்காகப் பின்னால் நின்று வாசிக்க அன்றைக்கு ஆள் இல்லை. ஸ்விட்சை எட்டித் தொட்டிருக்கலாம், ஆனால் அதற்குக் கிட்டாரிலிருந்து கையை எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும் நானே வாசித்தேன். வாசித்து முடித்தபோதுதான் அவன் விழுந்தான். அதற்குப் பிறகுதான் ஸ்விட்சை அணைத்தேன்.

கருப்பை விட்டுவிடுங்கள் சார். நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாட்சி வேண்டும் என்றால் காவ்யஸ்ரீயிடம் அந்த வீடியோ இருக்கும், வாங்கிக் கேட்டுப் பாருங்கள். அவனுடைய உறுமலுக்கு அடியில் என் கிட்டார் கேட்கும். கொஞ்சம் சத்தமாக வைத்தால், நான் ஓர் இடத்தில்கூடப் பிசகாமல் வாசித்திருப்பது உங்களுக்கே தெரியும்.