பூசைக்குப் பிறகு வந்த கேப்டன்

கல்லறைத் திருநாளன்று காலை, நாயுடுபுரம் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் சாமந்தியும் மெழுகுவத்தியும் இருந்தன.

“செத்துட்டாருன்னு நாங்க பூசைக்குப் பேரு குடுத்த கேப்டன், ஒன்பதாம் சீசன்ல உயிரோட வந்து நிக்கிறாரு.”

“எந்தக் கேப்டன்க்கா?”

“அந்த விண்வெளி சீரியல்லடி. கப்பல் வெடிச்சு அவரு செத்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு சாப்பிடவே இல்ல. மறுநாள் வெள்ளனே கோயிலுக்குப் போயி, சொந்தக்காரருன்னு சொல்லி செத்தவங்க பூசைக்கு எழுதிக்குடுத்துட்டாரு.”

“இப்ப எப்படிப் பொழைச்சாராம்?”

“சொல்லவே இல்ல. எழுதுறவங்களுக்கு மறந்துபோச்சு போல. அவரு பொண்டாட்டி கூட ஒண்ணும் கேக்கல. அவ பாட்டுக்கு காபி குடுக்கிறா.”

“மாமா உயிரோட இருந்திருந்தா டிவிய ஒடைச்சிருப்பாரு.”

மூத்தவர் மடியிலிருந்த பூக்களைச் சரிசெய்தார்.

“இவரு அப்படி வந்து நின்னா, இத்தன நாளா எங்க இருந்தீங்கன்னு நான் கேக்காம இருப்பேனாடி?”