திருவாதவூர் வயலில் கரைந்த தாள்

மேடைக்கு மேன்மை சேர்க்கும் ஊராட்சித் தலைவி அழகம்மாள் அவர்களே! வெயிலைத் தோளில் சுமந்த பெரியோர்களே! ஊரின் பசியை ஆற்றிய தாய்மார்களே! திருமங்கலம் பக்கமிருந்தும் அழகர்கோவில் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்த என் விவசாயச் சொந்தங்களே! விவசாயிகள் சங்கச் செயலாளர் தங்கப்பாண்டியின் தாழ்மையான வணக்கம்.

அறுவடை மிஷின் நெற்கதிரை எடுத்துக்கொண்டு வைக்கோல் தாளை வயலில் விட்டுப் போகிறது. நாம் என்ன செய்தோம்? தீ வைத்தோம்! மூண்டது தீ, மூடியது புகை, மூச்சு முட்டியது யாருக்கு? நமக்குத்தானே! நம் தங்கப்பொண்ணு அக்கா அந்தப் புகையில் மயங்கி விழுந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அவர் மகள்தான் சரண்யாதேவி. மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள், நேரே ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள். "இந்த ஒரு தடவை எரிக்காதீங்க. தாளை எனக்குத் தாங்க, நான் கரைச்சுக் காட்டுறேன்" என்றாள்.

சிரித்தோம். தாள் கரையுமா? தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையாது. அவள் சொன்னது அயனித் திரவம். உப்புதான், ஆனால் கட்டியாக நிற்காமல் எண்ணெய் போல ஓடும் உப்பு. இளஞ்சூட்டில் தாள் அதில் கூழாகக் கரையும். அந்தக் கூழைச் சல்லடைக் கண் வழியே தண்ணீரில் பிழிந்தால் நூலாகத் திரளும். தண்ணீரை ஆவியாக்கிவிட்டால் திரவம் மறுபடி கைக்கு வந்துவிடும். என்ன மாப்ள, தலை சுத்துதா? எனக்கும் அன்றைக்குச் சுற்றியது!

"ஒண்ணே ஒண்ணு. தாள் ஏழு நாள் வெயில்ல காயணும். ஈரம் பட்டா கரையாது" என்றாள். ஊரே கொடுத்தது. ஆனால் அந்த முதல் சோதனை தோற்றது. பெரிய உருளைக் கலனில் போட்ட தாள் போட்டபடியே கிடந்தது. தாள் காயக் காத்திருந்ததில் நடவு பிந்தியது. ஊர் கொதித்தது.

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "நேத்து வரைக்கும் எங்க வயல்ல கூலிக்குக் கதிரறுத்த குடும்பம், இன்னிக்கு எங்களுக்கு விவசாயம் சொல்லித் தருதோ?" என்று கத்தினான். அவள் அப்பா சின்னக்கருப்பன் தலை குனிந்தார். அவள் குனியவில்லை. "தாள் ஈரமா இருந்துச்சு. சோதிக்காமப் போட்டது என் தப்பு. இன்னொரு வாய்ப்புக் குடுங்க" என்றாள்.

யார் அந்த ஒருவன் என்று கேட்கிறீர்களா? நான்தான்! அந்த ஈரத் தாள் யாருடையது? என்னுடையதுதான்! பனி நனைத்ததை உலர்த்தச் சோம்பல்பட்டு அப்படியே ஏற்றி அனுப்பினேன். மூட்டையில் என் பெயர் எழுதியிருந்தது. அவள் பார்த்திருந்தாள். பார்த்தும் சொல்லவில்லை!

பிறகு அவளைத் தேடிப்போய், "ஏம்மா என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"குடுத்திருந்தா அடுத்த தடவை யாரு சித்தப்பா தாள் தருவா?" என்றாள்.

அடுத்த அறுவடையில் பத்து நாள் நானே கிளறிக் காயவைத்தேன். உருளையைத் திறந்தாள். தாளைக் காணோம்! தேன் நிறத்தில் கூழ்! அதைத் தண்ணீரில் பிழிந்தபோது ஒரு நூல் வந்தது பாருங்கள், அறாமல், அலையாமல், என் விரலில் சுற்றிக்கொண்டே வந்தது. அழுதுவிட்டேன். கைதட்டாதீர்கள் அம்மா, இது எனக்குரிய கைதட்டல் அல்ல.

இன்று திறக்கும் இந்தக் கூடத்தில் நாளொன்றுக்கு இருபது கிலோ தாள்தான் கரையும். கொஞ்சம்தான். மீதியை மடக்கி உழுது மக்கவிட்டோம். ஆனால் இந்த ஆண்டு நம் ஊரில் ஒரு வயலும் எரியவில்லை! எரிப்பதற்கு ஒரு நொடி போதும். கரைப்பதற்குப் பொறுமை வேண்டும். தாளுக்கு மட்டுமா? என்னைப் போன்றவன் மனத்துக்கும்தான்!

ஒரே ஒரு வேலை பாக்கி. கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருக்கிறார் சின்னக்கருப்பன். அன்றைக்கு நான் பேசியது தப்பு. ஊர் முன்னால் பேசினேன், ஊர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணே, மேலே வாங்க. இது என் நாற்காலி, நீங்க உட்காருங்க. நான் நிக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!