மையவாடியில் புதைத்த சிறுநீரகம் பற்றி

சாய்ந்தமருது, கடற்கரை வீதியில் வசிக்கும் ஆதம்லெவ்வை பாஹிமா உம்மா ஆகிய நான், வயது 71, ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், சொல்வதாவது: என் மகளின் மகன் ஸாஜித் பொறியியலாளர். அவன் தங்கை றிஸ்னா கணித ஆசிரியை. அவர்களுக்கு மூத்த அக்கா மர்ஷூதா கண்டியில் புற்றுநோய் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இவை தேவையில்லை என்று பொலிஸ் ஐயா சொன்னார், எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

சென்ற மாதம் 9ஆம் திகதி என் மகன் காலிதீனின் இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு வெட்டியெடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய வாளியில் மூடித் தந்தார்கள். மறுநாள் மர்ஷூதா வந்து கண்டிக்குக் கொண்டுபோவதாக இருந்தது, எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. எங்களில் மனித உறுப்பு எதுவானாலும் மண்ணுக்குத்தான் சேரவேண்டும். ஆண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் நின்றபடியால், 10ஆம் திகதி லுஹர் தொழுகைக்குப் பின்னர் நானே எங்கள் ஊர் மையத்துகளை அடக்கும் மையவாடிக்குப் போய் வாளியோடு புதைத்தேன். பெண்கள் அங்கு போவதில்லை என்பது தெரியும்.

காவலாளி ஸஹீத் கண்டு, "ஆர்ர புள்ளயப் பொதச்ச நீங்க?" என்றார். "என்ட புள்ளட கிட்னிய, மனே" என்றேன். அவர் நம்பாமல் பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸார் தோண்டும்போது மர்ஷூதாவும் வந்துவிட்டாள். "உம்மம்மா, மாமாட கேன்சர் என்ன சாதியெண்டு இதுலதானே பாக்கணும்! தெரியாம மருந்து தொடங்கேலாதே!" என்று அழுதாள். வாளியின் மூடி கழன்றிருக்கவில்லை. அதன் பின்னர் பொலிஸார் அதை அவளிடம் ஒப்படைத்தார்கள்.

பத்து நாளுக்குப் பின்னர் நானும் கண்டிக்குப் போனேன். கட்டியை வெங்காயச் சருகிலும் மெல்லியதாகச் சீவி, பிறபொருளெதிரி என்ற மருந்தில் ஒன்பது வகையை ஒவ்வொன்றாக விட்டுக் கழுவினார்களாம். ஏழு கழுவப்பட்டுப் போயின. இரண்டு போகவில்லை. அவை புற்றுக் கலம் என்னும் உயிரணுவின் மேலுள்ள அடையாளத்தைக் கண்டு பிடித்துக்கொண்டனவாம். பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்குள் பார்த்தேன். நல்ல கலங்கள் நீலமாகக் கிடந்தன. கெட்டவற்றுக்கு மட்டும் ஓரமெல்லாம் தேயிலைச் சாயம்போல் கபில நிறம். கண்ணில்லாத ஒரு துளி, சந்தைக் கூட்டத்தில் முதுகைக் கண்டே என் பிள்ளையை நான் அறிவதுபோல், அதை அறிந்திருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ் என்றேன். இன்ன சாதி என்று தெரிந்து, நேற்று மருந்து தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபடியே சொன்னேன், வாசித்துக் காட்டக் கேட்டேன், கூட்டிக் குறைக்கவில்லை.

ஒப்பமிடுமுன் ஒரு கோரிக்கை. பொலிஸ் கோப்பில், குழியருகே மண்வெட்டியோடு நான் நிற்கும் படம்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க, அந்தக் கபில நிறம் தெரியும் புதுப்படம் ஒன்றைத் தபாலில் அனுப்பும்படி மர்ஷூதாவுக்கு எழுதவேண்டும்.

(ஒப்பம்) ஆ. பாஹிமா உம்மா