முட்டித் தண்ணீர்

எங்கள் பெக்டரியில் என் மூக்கை நம்பித்தான் தேயிலை பதமாகிறது, சேர். ரோலரில் நசுங்கி வரும் கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். வெயில் நாளில் அது அவசரப்படும், மழை நாளில் அசமந்தமாகக் கிடக்கும். சூடு கூடினால் எதுவும் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான் என் தொழில். பதினெட்டு வருஷத்தில் ஒரு சாக்குத் தூள்கூட என்னால் கெட்டதில்லை. பலாங்கொடைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், அருள்தாஸ் என்றால் தெரியும்.

மரியாயி என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், எனக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். தோட்டத்து லயத்தில் ஒரே காம்பரா, ஒரே அறை, அதில் நாங்கள் இரண்டு பேர். ஆறு வருஷமாக அவளுக்குச் சீனி வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. மண்முட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மருந்துப் போத்தலைப் பையில் கட்டி அதற்குள் தொங்கவிடுவோம். காலையில் தண்ணீர் மாற்றுவது என் வேலை. சூடு பட்டால் மருந்து செத்துப்போகும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்று டிஸ்பென்சரி நர்ஸ் நிரோஷா எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

ஓப்பநாயக்கவில் இருக்கும் அனோஜாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால் எங்கள் ஒற்றைக் காம்பராவைப் பார்த்துவிட்டு, "அக்கா காலத்துக்குப் பொறகு பாப்போங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதே மாதம்தான் டாக்டர், ஒழுங்காக ஊசி போட்டால் இன்னும் இருபது வருஷம் தைரியமாக இருக்கலாம் என்று அக்காவிடம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பால் டீ ஊற்றித் தந்தாள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

எல்லோரும் ஒரு நாள் போகிறவர்கள்தானே. நான் புதிதாக எதையும் நடத்தவில்லை. நடக்கவிருந்ததன் வேகத்தைக் கொஞ்சம் மாற்றினேன்.

அடுத்த மாதமே அக்காவுக்குச் சீனி ஏறியது. நிரோஷா மருந்தின் அளவைக் கூட்டினாள். மறுபடியும் ஏறியது. பாவம், அக்கா தன் வாயைத்தான் சந்தேகப்பட்டாள். சோற்றை விட்டாள், ரொட்டியைப் பாதியாக்கினாள், நத்தார்ப் பண்டிகைக் கேக்கை எனக்கு வெட்டித் தந்துவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தாள். நாக்கு வறண்டு, எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சொன்னாள்: "நான் வாயக் கட்டல போல தம்பி. என்னால ஒனக்குத்தான் கஷ்டம்." எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. மறுநாள் காலையிலும் தண்ணீர் மாற்றினேன்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாதியில் நிறுத்திய தேயிலை எதற்கும் உதவாது, சேர்.

அவள் நினைவில்லாமல் விழுந்த அன்றைக்குக் காலையிலேயே நிரோஷா ஓடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மருந்தை எடுக்கிறேன் என்று முட்டிக்குள் கையை விட்டவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி ஏன் சுடுது?" என்று கேட்டாள். இரத்தினபுரிக்குப் போகிற வழியிலேயே அக்கா முடிந்துபோனாள். அதற்குப் பிறகுதான் பொலிஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

அடுப்பில் கொதித்த கேத்தலில் இருந்து ஊற்றினேன், தினமும், மூன்று மாதம். வியாதியில் அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. அடுப்புக் கொள்ளியைத் தொட்டாலும் தெரியாது. காலையில் எழுந்ததும், "தண்ணி மாத்துனியா தம்பி?" என்று கேட்பாள். "மாத்திட்டேங்கா" என்பேன். விரலை முட்டிக்குள் விட்டுப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கு" என்று சிரிப்பாள்.

மாற்றாமல் ஒரு நாளும் மாற்றினேன் என்று சொன்னதில்லை. அக்காவிடம் நான் பொய் பேசியதே கிடையாது, சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.